ஜாடிக்குள் இடி

“நூல் முடிஞ்சுபோச்சு தாயே. நீங்க ஒரு பாயிரம் பாடிக் குடுத்துட்டா, பங்குனியில அரங்கேத்திடலாம்.”

அகோரநாதப் புலவர் ஓலைக்கட்டை உலகம்மையார் முன்னால் வைத்தார். அறுபதைத் தாண்டியவர்தான், ஆனால் வைத்த வேகத்தில் வயசு தெரியவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாறைக்குன்றின் அடியில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு உலகம்மையார்தான் குரு. புலவருக்கு மகள் வயசு இருக்கும். அதனால் என்ன? புலவர் அவர் காலில் விழுந்து சிஷ்யரானவர். அம்மையாரின் பாயிரம் இல்லாமல் புலவரின் எந்த நூலும் சபை ஏறியதில்லை.

“எதைப் பத்தின நூல்?” என்று கேட்டார் அம்மையார்.

“உரசல் நெருப்பு.”

“அப்படின்னா?”

இந்த ஒரு கேள்வி போதாதா? புலவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடற்கரைக் கோட்டையில் துபாஷியாக இருந்த காலத்தில் அவர் வெள்ளைக்காரர் பாஷையைப் படித்து வைத்திருந்தார். கப்பலில் வந்த புஸ்தகங்களை ஒன்று விடாமல் கேட்டு வாங்கி வாசித்தார். அதில் சிலது இந்த நெருப்பைப் பற்றியவை. படித்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை.

“கண்ணாடி உருண்டையைத் தோலால உரசினா அதுல ஒரு நெருப்பு பிறக்குது தாயே. கண்ணுக்குத் தெரியாது. ஆனா துரும்பு தானா எழும்பி வந்து ஒட்டிக்கும். தலைமுடி சிலிர்த்து நிக்கும். விரல் நுனியில பொறி பறக்கும். அந்தப் பொறியால சாராயத்தைப் பத்தவெச்சுக் காட்டியிருக்காங்க. ஒரு ஜாடிக்குள்ள அதை அடைச்சு வெச்சுத் தொட்டா, ஆளையே தூக்கிப்போடும்.”

அம்மையார் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது.

“சுடுமா?”

“சுடாது, உலுக்கும்னுதான் அந்தப் புஸ்தகத்துல…”

“புஸ்தகத்தைக் கேக்கலை. உங்களைக் கேக்குறேன்.”

“நான் தொட்டதில்லை தாயே.”

“பாத்தது?”

“பாத்ததும் இல்லை.”

“அப்போ நூல் முழுக்க?”

“படிச்சு எழுதினதுதான்.”

பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் சமையல்கார நமசிவாயம். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“சாப்பிடாமலே ருசியை எழுதிட்டாரு,” என்றார்.

அம்மையார் சிரித்துவிட்டார். ஓலைக்கட்டை எடுத்துப் புலவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே ஒரு வரி போதும் புலவரே. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத வரி. உங்க வரி. அது வந்த அன்னைக்குப் பாயிரம்.”

“தாயே, இதுக்கு மேல இன்னொரு நூல் எழுத எனக்கு ஆயுசு இல்லை.”

“இன்னொரு நூல் கேக்கலையே. ஒரு வரிதானே கேட்டேன்.”

“யந்திரம் இல்லாம எப்படி?”

“யந்திரம் எங்கே இருக்கு?”

“ஜமீன் அரண்மனையில ஒண்ணு இருக்கு. கப்பல்காரன் கிட்ட வாங்கி அழகுக்கு வெச்சிருக்காரு. ஒரு தடவைகூடச் சுத்திப் பாத்ததில்லை.”

“கேட்டு வாங்கிட்டு வாங்க. எனக்கும் பாக்கணும்.”

புலவர் எழுந்து போனார். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷ உழைப்பு! ஒரு வரியில் வந்து நிற்கிறதே என்று புலம்பிக்கொண்டே நடந்தார். ஆனால் யந்திரத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு வந்ததும் நடை தானாக வேகம் பிடித்தது.

*

ஜமீன்தார் நல்ல மனுஷர். புலவருக்கு முன்னமே ஒரு பட்டுத் துண்டு போர்த்தி மரியாதை செய்தவர். யந்திரத்தையும் வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பங்குனி உத்திரத்தன்று அரங்கேற்றம், அதற்கு அடுத்த நாள் யந்திரம் அரண்மனைக்குத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு.

மடத்துக் கூடத்தில் வைக்கோலைப் பிரித்தார்கள். ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.

முலாம்பழம் அளவில் ஒரு கண்ணாடி உருண்டை. அதைச் சுற்ற ஒரு கைப்பிடி. உருண்டையோடு உரச ஒரு தோல் மெத்தை. எதிரே பட்டுக் கயிற்றில் தொங்கும் பித்தளைக் குழாய். கூடவே ஈயத்தகடு சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி, அதன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு பித்தளைக் குமிழ்.

புலவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். படத்தில் பார்த்த மாப்பிள்ளை நேரில் வந்து நின்றது போல இருந்தது அவருக்கு.

தோல் மெத்தையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. எலி பாதியைத் தின்றிருந்தது.

“இருளப்பனைக் கூப்பிடுங்க,” என்றார் அம்மையார்.

இருளப்பன் தோல் வேலைக்காரன். உலகம்மையாருக்கு அவனும் சிஷ்யன்தான். அவனும் புலவரும் வருஷக்கணக்காக ஒரே பாடத்தை ஒரே கூடத்தில் கேட்டவர்கள். புலவர் முன்னால் உட்காருவார். இருளப்பன் வாசல் ஓரம் உட்காருவான். புலவர் ஆசாரக்காரர். விடியலில் குளித்துவிட்டால் அப்புறம் இன்னார் இன்னாரைத் தொடமாட்டார், தோல் சாமான் பக்கமே போகமாட்டார். இருளப்பனுக்கும் அது தெரியும். எதிரே வந்தால் தானே ஒதுங்கிக்கொள்வான்.

அவன் மெத்தையைப் புரட்டிப் பார்த்தான்.

“மெல்லிசா மானுத்தோல் வேணும் சாமி. இருக்கு. நாளைக்கே தெச்சுடுறேன்.”

“நல்லா தெச்சுக் குடு இருளப்பா. என் நூலே உன் ஊசியிலதான் இருக்கு.”

“உங்க நூலா, என் நூலா?” என்று ஊசி நூலைக் காட்டிச் சிரித்தான் அவன்.

புலவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

*

மாசி மாசத்து நல்ல வெயில். பாறையெல்லாம் காய்ந்து கிடந்தது. இந்த நெருப்புக்கு ஈரம் ஆகாது என்று புலவர் நாள் பார்த்து வைத்திருந்தார்.

நமசிவாயம் கைப்பிடியைப் பிடித்தார். புஜம் இரண்டும் உரல் மாதிரி இருக்கும் அவருக்கு. மடத்தில் உள்ளவர்கள் எல்லாரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். புலவர் மட்டும் ஓலையும் எழுத்தாணியுமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

“சுத்துங்க.”

உருண்டை சுழன்றது. தோல் உரசியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

“வேகமா சுத்துங்க.”

நமசிவாயத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு துரும்புகூட அசையவில்லை.

“கப்பல்காரன் ஜமீனை நல்லா ஏமாத்திட்டான்,” என்றார் புலவர்.

அம்மையார் கேட்டார்: “கண்ணாடி எப்படி இருக்கணும்னு பாடியிருக்கீங்க?”

அதில் புலவர் புலி. கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு எடுத்துவிட்டார்.

“ஈரமும் மாசும் இல்லாக் கண்ணாடி
நேருற உரசின் நெருப்பது பிறக்கும்…”

“கண்ணைத் திறந்துக்கிட்டுப் பாடுங்க.”

புலவர் கண்ணைத் திறந்தார்.

கண்ணாடி உருண்டையில் பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பித்தளைக் குழாயில் நாலு பக்கமும் சந்தனம். குழாயிலிருந்து தரை வரைக்கும் தொங்கியது தண்ணீர் தெளித்த மல்லிகை மாலை. புதுச் சாமான் வந்தால் பொட்டு வைத்து மாலை போடாமல் தொடலாமா? அதிகாலையில் எழுந்து புலவரே ஆசை ஆசையாகச் சந்தனம் அரைத்தார், எட்ட நின்றபடியே நமசிவாயத்தை விட்டுப் பூசவைத்தார்.

“அட, என் புத்தியை…” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அம்மையார் முந்தானையாலேயே உருண்டையைத் துடைத்தார். இருளப்பன் மாலையைக் கழற்றினான். குழாயையும் துடைத்து வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினார்கள்.

“இப்போ சுத்துங்க.”

உருண்டை சுழன்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எங்கிருந்தோ எறும்பு ஊருவது போல ஒரு சரசரப்புச் சத்தம் கேட்டது. தரையில் கிடந்த வைக்கோல் துரும்பு ஒன்று படக்கென்று எழும்பிப் போய்க் குழாயில் ஒட்டிக்கொண்டது.

கூடமே ஆர்ப்பரித்தது.

அம்மையார் விரலை நீட்டினார். குழாய்க்கும் விரலுக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி, டப் என்று வெடித்தது. அம்மையார் கையை உதறிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். குரு குதித்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள், அலறினார்கள், திரும்பவும் நீட்டினார்கள். தோட்டக்காரருக்கு இருந்த கொஞ்சம் முடியும் எழுந்து நின்றது. இருளப்பன் மீசை சிலிர்த்துக்கொண்டு கன்னத்தைக் குத்துவதாகச் சொன்னான். நமசிவாயம் சுற்றியபடியே எனக்கு எப்போ, எனக்கு எப்போ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புலவர் கண்ணில் நீர் வழிந்தது. படித்ததெல்லாம் நிஜம். ஒரு எழுத்துப் பொய்யில்லை.

“நீங்களும் தொடுங்க புலவரே,” என்றார் அம்மையார்.

“நான் குளிச்சு மடியா இருக்கேன் தாயே. அது தோலோட உரசுற சாமான். பாத்தே எழுதிடுறேன்.”

புலவர் எழுதினார். எழுதி முடித்து ஆவலாகப் படித்தார்.

“விரல்முன் நீலப் பொறிவெடித் தனவே.”

“நல்லா இருக்கு. உங்க நூல்ல ஏற்கனவே இல்லையே?”

புலவர் யோசித்தார். நூலின் நடுவில், கிட்டத்தட்ட இதே வரி இருந்தது.

அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். துரும்பு எழும்பியதை எழுதினார். அதுவும் இருந்தது. முடி சிலிர்த்தது? அதற்குத் தனி விருத்தமே இருந்தது. எதை எழுதினாலும் அது அவருக்கு முன்னால் போய் நூலுக்குள் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக் குதித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கல்யாண வீட்டில் பசியோடு உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

“என்ன செய்ய தாயே? எல்லாத்தையும் வெள்ளைக்காரனே எழுதிட்டான்.”

“இன்னும் என்ன பாக்கி இருக்கு, அந்தப் புஸ்தகத்துல?”

“ஜாடிதான் பாக்கி.”

*

ஜாடியைப் பற்றிச் சொல்லச் சொல்லப் புலவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

“அவங்க தேசத்துல சாமியாருங்க எல்லாரும் வரிசையா நின்னு கைகோத்துக்கிட்டாங்களாம் தாயே. முதல் ஆள் ஜாடியைப் பிடிச்சுக்க, கடைசி ஆள் அதோட குமிழைத் தொட்டாராம். எல்லாரும் ஒரே நேரத்துல துள்ளினாங்களாம். முன்னே பின்னே இல்லை. ஒரே நேரத்துல.”

“சாமியாருங்களா?”

“ஆமா.”

“நம்ம கிட்டயும் இருக்காங்களே,” என்று எழுந்துவிட்டார் அம்மையார். “பலகையெல்லாம் கொண்டாங்க. வட்டமா போடுங்க.”

காய்ந்த மரப்பலகைகளை வட்டமாகப் போட்டார்கள். அம்மையார் ஜாடியைக் கையில் பிடித்து, அதன் குமிழைக் குழாயில் ஒட்டிக்கொண்டு நின்றார். நமசிவாயம் மூச்சு முட்டும் வரை சுற்றினார். நெருப்பு ஜாடிக்குள் இறங்கியது. குமிழைத் தொடாமல் அம்மையார் மெதுவாக வந்து பலகையில் உட்கார்ந்தார்.

அப்புறம் அவரே இடம் சொன்னார். தமக்கு வலப்பக்கம் மடத்து வண்டிக்காரர். அப்படியே மற்ற ஆட்கள் வரிசையாக. அதற்கப்புறம் நமசிவாயம். நமசிவாயத்துக்கு அடுத்துப் புலவர். புலவருக்கு அடுத்து இருளப்பன். கடைசியில் தோட்டக்காரர் வந்து வட்டத்தை முடித்தார். குமிழைத் தொடவேண்டியது அவர்தான்.

“புலவரே, நீங்க இதுல எழுத வேண்டாம். உக்காருங்க.”

குரு சொன்னால் சொன்னதுதான். புலவர் உட்கார்ந்தார். நமசிவாயம் அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். நமசிவாயம் கையால் தினமும் சாப்பிடுகிறவர், அதில் ஒன்றுமில்லை.

வலப்பக்கம் இருளப்பன் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

புலவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து நாலாக மடித்து வலக்கையில் சுற்றிக்கொண்டார். அவர் வீட்டு வழக்கத்தில் பட்டு உடுத்தினால் மடி கெடாது. பருத்திக்குத்தான் தீட்டு, பட்டுக்கு இல்லை.

“பட்டுதானே, பரவாயில்லை,” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, சுற்றிய கையால் இருளப்பன் கையைப் பிடித்தார்.

இருளப்பன் அந்தக் கையைப் பார்த்தான்.

“சாமி இஷ்டம்,” என்றான்.

அம்மையாரும் பார்த்தார்.

“தொடுங்க,” என்றார் தோட்டக்காரரிடம்.

தோட்டக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குமிழைத் தொட்டார்.

டிக்.

“கொசு கடிச்சாப்பல இருந்துச்சு,” என்றார் தோட்டக்காரர்.

“உங்களுக்கு?” என்று மற்றவர்களைக் கேட்டார் அம்மையார்.

“ஒண்ணுமில்லையே.”

“எனக்கும் இல்லை.”

“இதுக்கா இத்தனை சுத்து சுத்தினேன்?” என்றார் நமசிவாயம்.

“ஜாடி ஓட்டை,” என்றார் புலவர். “எங்கேயோ விரிசல் இருக்கு. நெருப்பு ஒழுகிப்போச்சு.”

அம்மையார் ஜாடியைக் கீழே வைக்கவில்லை. காதருகே கொண்டுபோய்க் கேட்டார்.

“ஒழுகலை. உள்ளேயேதான் இருக்கு. போறதுக்கு வழி கிடைக்கலை.”

எல்லாரும் ஜாடியைப் பார்த்தார்கள்.

“இந்த நெருப்பை எது ஓடவிடும், எது மறிக்கும்? அதைப் பாடியிருக்கீங்களா?” என்று கேட்டார் அம்மையார்.

பாடாமல் இருப்பாரா? நூலிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“செம்பும் இரும்பும் செழுநீர் யாவும்
அம்புவி உயிர்கள் அனைத்தும் கடத்தும்;
அரக்கும் மெழுகும் கண்ணாடி தானும்…”

அடுத்த அடிக்கு வாயைத் திறந்தார். உதடு இரண்டும் ‘ப’ என்று கூடி அங்கேயே நின்றுவிட்டது.

அவர் தம் வலக்கையைப் பார்த்தார். நாலு மடிப்புப் பட்டு. ஜமீன் போர்த்தியது.

“மேலே பாடுங்க புலவரே,” என்றார் நமசிவாயம். “நல்லா இருக்கே.”

புலவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை தடவை ரசித்துப் பாடிப் பார்த்த வரி! அம்புவி உயிர்கள் அனைத்தும் என்று எழுதியதும் இதே கைதான்.

அடுத்தபடியாகப் பயம் வந்தது. பட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை பேர் பார்க்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அவர் தெருவுக்குச் சேதி போய்விடும். சம்பந்தி வீட்டார் வாசலோடு நிறுத்துவார்கள். அரங்கேற்றத்துக்கு வரும் பண்டிதர்கள் எழுந்து போனாலும் போவார்கள். நூலுக்காகப் பாயிரம் கேட்டு வந்தவர், பாயிரத்துக்காக நூல் கேட்கிற சபையையே இழக்கலாம்.

இருளப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“வேணாம் சாமி. நான் எந்திரிச்சுக்கிறேன். நீங்களும் தோட்டக்காரரும் கைகோத்துக்கிட்டா வட்டம் முடிஞ்சுடும். உங்க நூல் நல்லபடியா அரங்கேறணும், எனக்கு அதுதான் வேணும்.”

சொல்லிக்கொண்டே பலகையில் கையூன்றி எழுந்தான். அவன் சொன்னதும் சரிதான். வட்டம் முடிந்துவிடும். எல்லாரும் துள்ளுவார்கள். வரி கிடைத்தாலும் கிடைக்கும்.

புலவர் அம்மையாரைப் பார்த்தார். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித்தர மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

“உக்காரு இருளப்பா,” என்றார் புலவர்.

இருளப்பன் நின்றான். உட்காரவில்லை.

புலவர் பட்டை உருவினார். அது பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

“உக்காருங்க,” என்றார். “உக்காருங்க, இருளப்பன்.”

இருளப்பன் உட்கார்ந்தார்.

புலவர் அவர் கையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். உள்ளங்கை வேர்த்திருந்தது. தம் கைதான் வேர்க்கிறதோ என்று முதலில் நினைத்தார். இரண்டு கையும்தான் வேர்த்திருந்தது.

“தொடுங்க,” என்றார் அம்மையார்.

தோட்டக்காரர் இந்தத் தடவை அலட்சியமாகவே விரலை நீட்டினார்.

கூடத்துக்குள் ஒரு இடி விழுந்தது.

சத்தம் என்னவோ சின்னதுதான். ஆனால் வட்டம் முழுக்க ஒரே ஆளாகத் துள்ளி எழும்பியது. புலவரின் முழங்கைக்குள் யாரோ உலக்கையால் குத்தியது போல இருந்தது. நெஞ்சு ஒரு நொடி நின்று திரும்ப ஓடியது. நமசிவாயம் அம்மாவைக் கூப்பிட்டார். தோட்டக்காரர் பலகையை விட்டே போய் விழுந்தார். வண்டிக்காரர் வாயில் இருந்த வெற்றிலை எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மையாருக்குக் கண்ணில் நீர் வர வரச் சிரிப்பு.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு இங்கே, எனக்கு இங்கே என்று முழங்கையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே இடம்தான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நமசிவாயம் அதற்குள் யந்திரத்துக்கு ஓடினார்.

புலவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். உடம்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு அவருக்கு. அது எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியாது.

அம்மையார் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து குந்தினார்.

“எப்படி இருந்துச்சு புலவரே?”

புலவர் வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. ராகமும் வரவில்லை.

“யார் கையில இருந்து வந்துச்சுன்னு தெரியலை தாயே.”

“இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

புலவர் யோசித்துப் பார்த்தார். நூல் முழுக்க மனசுக்குள் புரட்டிப் பார்த்தார்.

“எதுலயும் இல்லை.”

“அப்போ எழுதுங்க.”

அம்மையார் ஓலையை எடுத்து அவர் மடியில் வைத்தார். எழுத்தாணியை எடுத்து நீட்டினார். புலவர் தலையை ஆட்டினார், ஆனால் வாங்கவில்லை. நீட்டிய எழுத்தாணி நீட்டியபடியே இருந்தது.

இருளப்பன் அவர் பக்கமாகக் குனிந்தார்.

“எழுதணும்னா கை வேணுமே புலவரே,” என்றார். “என் கையை விடுங்க.”